ஜப்பானை நேசிப்பவரைத் தமிழில் எப்படிக் குறிப்பது?

கேள்வி: லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டுரை அவரை ‘ஜப்பனோஃபைல்’, அதாவது ஜப்பானை நேசிப்பவர், என்கிறது. ‘ஜப்பான் மோகம் கொண்டவர்’ என்று எழுதினேன். அது அவரைத் தாழ்த்துகிறது என்றார் இதழாசிரியர். ‘ஜப்பானிய ஆர்வலர்’ என்று மாற்றினேன், “அவர் ஜப்பானியரா?” என்று கேட்டார். அடுத்து வரும் கட்டுரைகளில் ‘ஆங்லோஃபைல்’ (இங்கிலாந்தை நேசிப்பவர்), ‘ஃபிராங்கோஃபைல்’ (பிரான்ஸை நேசிப்பவர்) போன்ற சொற்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பின்னொட்டு தமிழில் உண்டா?

பதில்: உங்கள் இதழாசிரியரின் இரண்டு மறுப்புகளும் சரியானவை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பின்னொட்டு தமிழில் இல்லை. அப்படி ஒன்றை நாமாக உருவாக்கிக்கொள்வதும் நல்லதன்று என்பது என் கருத்து. ஆங்கிலச் சொல்லின் பிற்பகுதி ‘அன்புடைய’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்த அன்பு எத்தகையது, எவ்வளவு ஆழமானது, அறிவோடு கூடியதா, வெறும் ஆசையா என்பதை அது சொல்வதில்லை. தமிழிலோ அன்பின் ஒவ்வொரு நிலைக்கும் தனிச் சொல் இருக்கிறது. எதை எடுத்தாலும் அதனுடன் நம் மதிப்பீடும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஆகவே, குறிக்கப்படும் மனிதர் அந்த நாட்டுடன் எத்தகைய உறவு கொண்டிருந்தார் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ‘மோகம்’. ‘ஆங்கில மோகம்’, ‘வெளிநாட்டு மோகம்’ என்று நாம் பேசும்போதெல்லாம், தன்னுடையதை மறந்து பிறருடையதன் பின்னால் போகிறார் என்ற குறை அதில் அடங்கியிருக்கிறது. மூலக் கட்டுரையே கண்டிக்கும் தொனியில் இருந்தால் மட்டும் இச்சொல் பொருந்தும். 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் இங்கிலாந்தின் தோட்டக் கலை, குதிரைப் பந்தயம், உடை ஆகியவற்றின் மீது மேல்தட்டினருக்கு ஏற்பட்ட பெரும் ஈர்ப்பைப் பிரெஞ்சுக்காரர்களே ‘ஆங்லோமனி’ என்று அழைத்தார்கள்; அதற்கு ‘இங்கிலாந்து மோகம்’ என்பது மிகச் சரியான தமிழ். ஆனால் அதே நூற்றாண்டில் 1726 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கிலாந்தில் தங்கி, அந்நாட்டின் சமயப் பொறுமையையும் நியூட்டனின் அறிவியலையும் ஆழ்ந்து படித்து, தம் நாட்டவருக்கு எடுத்துச் சொன்ன பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரை ‘இங்கிலாந்து மோகி’ என்று எழுதினால் அது அநியாயம். அவரை ‘இங்கிலாந்தின் சிந்தனை மரபை மதித்துப் போற்றியவர்’ என்று விரித்து எழுதுவதே முறை.

‘ஆர்வலர்’ என்ற சொல்லில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ‘தமிழார்வலர்’ என்ற பழைய வழக்கில் அது விருப்பமுள்ளவரைக் குறித்தது. இன்றைய நாளிதழ்களிலோ ‘சமூக ஆர்வலர்’, ‘சுற்றுச்சூழல் ஆர்வலர்’ என்று களத்தில் இறங்கிப் போராடுபவரையே அது பெரும்பாலும் சுட்டுகிறது. ‘திபெத் ஆர்வலர்’ என்று எழுதிப் பாருங்கள்: திபெத்தின் ஓவியத்தையும் இசையையும் விரும்புபவரை எந்த வாசகரும் நினைக்கமாட்டார், திபெத்தின் உரிமைக்காகக் குரல் கொடுப்பவரையே நினைப்பார்.

இரண்டாவது சிக்கல் ‘ஜப்பானிய’ என்ற பெயரடை வடிவத்தில் இருக்கிறது. இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ‘ஜப்பானிய ரசிகர்’ என்றால் ஜப்பானைச் சேர்ந்த ரசிகர். 1998இல் டோக்கியோவில் ரஜினிகாந்த் படம் ஒன்று வெற்றிகரமாக ஓடியபோது அங்கே உருவானவர்கள் ஜப்பானிய ரசிகர்கள். அவர்கள் ரசித்தது நம் ஊர்ப் படத்தை. ஆட்பெயருக்கு முன்னால் ‘இய’ வந்தால், அந்த ஆள் எந்த நாட்டவர் என்பதையே அது முதலில் சொல்கிறது. அவர் விரும்பும் நாட்டைச் சொல்ல வேண்டுமானால், நாட்டின் பெயரை அப்படியே வைத்து, இடையில் ‘பண்பாட்டு’, ‘கலை’, ‘இலக்கிய’ போன்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்: ‘ஜப்பான் பண்பாட்டுப் பற்றாளர்’, ‘பிரான்ஸ் நாட்டு இலக்கிய அன்பர்’. சொல் நீள்கிறதே என்று தயங்க வேண்டாம். மொழியின் பெயரும் மக்களின் பெயரும் ஒன்றாக இருக்கும்போது இடையில் வரும் இந்தச் சொல் இன்னும் இன்றியமையாதது. ‘ஆங்கிலப் பற்றாளர்’ என்றால் தமிழ் வாசகர் ஆங்கில மொழியில் பற்றுள்ளவர் என்றுதான் எடுத்துக்கொள்வார். இங்கிலாந்தின் தேநீர் வேளையும் கிரிக்கெட்டும் ஊர்ப்புறத் தோட்டங்களும் அவர் மனத்தில் வரமாட்டா.

பொதுநிலையில், மதிப்பும் விருப்பமும் சேர்ந்த இடத்தில், நான் பரிந்துரைப்பது ‘பற்றாளர்’ என்பதைத்தான். ‘தமிழ்ப் பற்றாளர்’, ‘நாட்டுப்பற்று’ என்று நமக்குப் பழகிய சொல் அது. இகழ்ச்சி இல்லை, மிகையும் இல்லை. ‘அபிமானி’ என்பதும் நல்ல சொல்லே என்றாலும் இன்றைய இளம் வாசகருக்குச் சற்றுப் பழையதாகத் தோன்றும். ‘நேசர்’ தனித்து நின்றால் கவிதைச் சாயல் பெற்றுவிடுகிறது. ‘ரசிகர்’ என்பதைப் பாட்டு, படம், தொடர் ஆகியவற்றோடு நிற்கும் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: கொரியத் தொடர்களை விடாமல் பார்க்கும் கல்லூரி மாணவி ‘கொரியத் தொடர் ரசிகை’, அவரே கொரிய மொழி கற்று, அந்நாட்டு வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினால் ‘கொரியப் பண்பாட்டுப் பற்றாளர்’. அறிவுத்துறையாக ஆராய்பவர் இவ்விரண்டிலும் சேரார். அவர் ‘இந்தியவியலாளர்’, ‘சீனவியலாளர்’. செக் நாட்டின் கமில் சுவலபிலைத் ‘தமிழறிஞர்’ என்றே சொல்கிறோம். ஆராய்ச்சியாளருக்கு அன்பும் இருக்கலாம், ஆனால் அவருடைய பெயருக்கு முன்னால் நிற்க வேண்டியது அவருடைய அறிவு.

அரசியல் நுழையும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. கிரேக்கத்தை நேசிப்பவர் என்று பொருள்படும் ‘ஃபில்ஹெலீன்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்களுக்கு நவ்க்ராட்டிஸ் நகரைக் கொடுத்த எகிப்து மன்னர் அமாசிஸைப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இச்சொல்லால் குறிக்கிறார். பண்டைய ஈரானை ஆண்ட பார்த்திய மன்னர்கள் இதைத் தங்கள் நாணயங்களிலேயே பொறித்துக்கொண்டார்கள். தங்கள் ஆட்சிக்குள் வந்த கிரேக்க நகரத்தாருக்கு நம்பிக்கையூட்டும் பட்டம் அது. 1821இல் கிரேக்க விடுதலைப் போர் தொடங்கியபின் இதே சொல் அப்போருக்குத் துணைநின்ற அயல்நாட்டவரைக் குறித்தது. 1824இல் கிரேக்கத்தின் மிசோலாங்கி நகரில் இறந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் அவர்களில் ஒருவர். எனவே அமாசிஸுக்குக் ‘கிரேக்கரிடம் அன்பு கொண்டவர்’ என்றும், நாணயத்துக்குக் ‘கிரேக்கர் நண்பர்’ என்றும், பைரனுக்குக் ‘கிரேக்க விடுதலை ஆதரவாளர்’ என்றும் எழுதுவேன். மூலத்தில் ஒரே சொல்தானே என்று மூன்று இடங்களிலும் ஒரே தமிழை வைத்தால் பொருள் பிழைபடும்.

கிழக்காசியாவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. ‘ஜப்பானுக்கு நெருக்கமான’ என்று பொருள்படும் இரண்டு சீன எழுத்துகளை ஜப்பானியர் ‘ஷின்னிச்சி’ என்று படிப்பார்கள். அங்கே அது இனிய சொல், தங்கள் நாட்டை விரும்பும் அயலாரைக் குறிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே எழுத்துகளைக் கொரியர்கள் ‘சினில்’ என்று படிப்பார்கள். அங்கே அது 1910 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சிக்கு உடந்தையாக இருந்தவர்கள் மீது விழும் பழிச்சொல். அப்படிப்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்ட அகராதி ஒன்று 2009இல் 4,389 பெயர்களுடன் தென்கொரியாவில் வெளிவந்தது. கொரியச் சூழலில் வரும் இச்சொல்லை ‘ஜப்பான் பற்றாளர்’ என்று பெயர்ப்பது பெரும் தவறு. ‘ஜப்பானிய ஆட்சிக்குத் துணைபோனவர்’ என்றே எழுத வேண்டும். நம்மிடம் உள்ள ‘அடிவருடி’ என்ற சொல்லின் கசப்பு அதற்கு நெருங்கி வரும், ஆனால் அது வசைச்சொல். மேற்கோளுக்குள் அன்றி வேறெங்கும் அதைப் பயன்படுத்த நான் துணியமாட்டேன். தைவானிலோ 1990களில் ஜப்பானியத் தொடர்களையும் உடைகளையும் தேடி அலைந்த இளைஞர்களுக்கு ஏங்குதல் என்ற பொருளுடைய வட்டாரச் சொல்லைக் கொண்டே ஒரு பெயர் அமைந்தது. அவர்களுக்கு மட்டும் ‘ஜப்பான் மோகம்’ என்பதைத் தயக்கமின்றி எழுதலாம்.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. ‘ஃபிராங்கோஃபைல்’ வேறு, ‘ஃபிராங்கோஃபோன்’ வேறு. பின்னது பிரெஞ்சு மொழி பேசுபவரை மட்டுமே குறிக்கும். செனகலில் பிரெஞ்சு பேசும் ஒருவர் பிரான்ஸைக் கடுமையாக வெறுப்பவராகவும் இருக்கலாம். அவரைப் ‘பிரெஞ்சுப் பற்றாளர்’ என்று எழுதி அச்சாகிவிட்டால் திருத்துவது எளிதன்று.

இப்போது ஹெர்னிடம் வருவோம். 1850இல் கிரேக்கத் தீவொன்றில் அயர்லாந்துத் தந்தைக்கும் கிரேக்கத் தாய்க்கும் பிறந்தவர். அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு 1890இல் ஜப்பான் சென்றவர். மட்சுயே நகரில் ஆசிரியராகப் பணியாற்றி, கொய்சுமி செட்சு என்ற பெண்ணை மணந்து, 1896இல் ஜப்பானியக் குடிமகனாகிக் கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டவர். மனைவி சொல்லக் கேட்ட பழங்கதைகளை ஆங்கிலத்தில் எழுதி, 1904இல் அந்த மண்ணிலேயே இறந்தவர். இவருக்குப் ‘பற்றாளர்’ என்பதும் போதாது. கம்பராமாயணத்தை வாழ்நாளெல்லாம் படித்தவரைக் ‘கம்பனில் தோய்ந்தவர்’ என்கிறோமே, அந்தச் சொல்தான் இங்கே பொருந்தும். தமிழுக்கு இயல்பு, ஆளுக்கு முத்திரை குத்தும் பெயர்ச்சொல்லைவிட அவர் செய்ததைச் சொல்லும் வினை. ஆகவே உங்கள் முதல் வாக்கியத்தை நான் இப்படி அமைப்பேன்: ‘ஜப்பானியரின் வாழ்விலும் கதைகளிலும் தோய்ந்து, முடிவில் அவர்களில் ஒருவராகவே ஆகிவிட்டவர் ஹெர்ன்.’