பாதி டீயோடு தொட்டியில் விழும் கப்

புதிதாகச் சேர்ந்த அலுவலகத்தில் எல்லோரும் பாதி டீயோடு கப்பைக் குப்பைத் தொட்டியில் வீசுகிறார்கள், சொன்னால் மூஞ்சியைத் தூக்குவார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். தூக்குவார்கள். அதனால் யாரிடமும் நேரே சொல்லாதீர்கள்.

தொட்டிக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு வாளி வைக்கும்படி அட்மினிடம் கேளுங்கள். மிச்ச டீயை அதில் ஊற்றிவிட்டுக் கப்பைப் போட இரண்டு நொடிதான். எங்கள் அலுவலகத்தில் வாளி வந்ததும் பாதிப் பேர் தாமாகவே ஊற்ற ஆரம்பித்தார்கள். மீதிப் பேர்? அவர்களை விடுங்கள். அட்மின் இழுத்தடித்தால், ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் பிரித்துத்தான் தர வேண்டும் என்று 2016 முதலே திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இருக்கிறது என்பதை மெதுவாகக் காதில் போடுங்கள். டீயில் ஊறிய காகிதம் உலர்ந்த குப்பையில் சேராது.

பால் கலந்த டீ சாயங்காலத்துக்குள் புளித்து நாறும். பை ஓட்டையானால் பேன்ட்ரியிலிருந்து லிஃப்ட் வரை ஒழுகும், அதைத் துடைப்பது துப்புரவு அக்காதான். அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்த இடத்தில் வாளி வைத்தால் வசதி என்று அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், சாம்பாரையும் குழம்பையும் சிங்க்கில் கொட்டாதீர்கள். எண்ணெய் படிந்து, பருப்பும் சேர்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும். நான் டிபன் பாக்ஸை மூடி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன்.