டிரெய்லர் டிஸ்க் பிரேக்ல எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் பிரேக் பிடிக்கலையே, ஏன்?

கேள்வி கேட்டவர் டிரம் பிரேக்க கழட்டிட்டு ரெண்டு ஆக்ஸிலுக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் போட்டிருக்கார், ரெண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீந்துடுச்சாம், இன்னும் ஏர் புடிச்ச மாதிரியே இருக்காம். அடுத்த பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பாருங்க. அடியில குனிஞ்சு நாலு காலிப்பர்லயும் (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் பேடால கவ்விப் பிடிக்கிற பாகம்) பிளீடர் நிப்பிள், அதாவது ஏர் எடுக்க திறக்குற சின்ன திருகு, மேல இருக்கா, கீழ இருக்கான்னு பாருங்க.

ஏன் கேக்குறேன்னா நான் இதுல முழுசா ரெண்டு நாள் விட்டேன். இடது பக்கத்து காலிப்பரை வலதுலயும் வலது பக்கத்தை இடதுலயும் மாட்டியிருந்தேன், போல்ட் ஓட்டையெல்லாம் கரெக்டா உக்காந்துச்சு, பேடும் டிஸ்க்கும் சரியா சேந்துச்சு, அதனால சந்தேகமே வரல. ஆனா நிப்பிள் கீழ போயிடுச்சு. நான் பம்ப் பண்ணப் பண்ண கீழ இருந்து சுத்தமான ஆயில் தான் வருது, டியூப்ல ஒரு குமிழி கூட இல்ல, முடிஞ்சுதுன்னு நினைச்சு டைட் பண்ணி ஓட்டிப் பாத்தா பிரேக்கே இல்ல. காத்து பூரா பிஸ்டனுக்கு மேல மூலைல அப்படியே உக்காந்திருந்துச்சு.

கொஞ்சம் காத்து தானேன்னு விடவே முடியாது. பிரேக் போடும்போது லைன்ல 1000 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) கிட்ட வரும்னு வச்சுக்கங்க, அந்த அழுத்தத்துல காத்து கிட்டத்தட்ட 70ல ஒரு பங்கா சுருங்கிடும். 7 மில்லி காத்து உள்ள மாட்டியிருந்தா மாஸ்டர் சிலிண்டர் (ஆயிலை லைனுக்குள்ள தள்ளுற முதல் பம்ப்) தள்ளுற ஆயில்ல ஏறக்குறைய அந்த 7 மில்லி முழுசும் காத்தை நசுக்கவே போயிடும், பேடுக்கு என்ன மிச்சம் இருக்கும் சொல்லுங்க.

சில காலிப்பர்ல மேலயும் கீழயும் ரெண்டு நிப்பிள் இருக்கும், எந்தப் பக்கம் வேணா மாட்டலாம், மேல இருக்குறத மட்டும் திறங்க. ஒண்ணு தான் இருக்கு, அதுவும் கீழன்னா இடம் வலம் மாத்தி மாட்டுறது தான் வழி. மாத்தவே முடியாத அமைப்புன்னா காலிப்பரை பிராக்கெட்ல இருந்து கழட்டி, டிஸ்க் தடிமன்ல ஒரு கட்டையை பேடுக்கு நடுவுல வச்சு, நிப்பிள் மேல பாக்குற மாதிரி கையில பிடிச்சுக்கிட்டு ஏர் எடுங்க. கட்டை வைக்க மறந்தா பிஸ்டன் வெளிய வந்துடும், ஜாக்கிரதை.

இனி எடுக்குற முறை. சக்கரத்துக்கு முட்டு கொடுத்துட்டு, பிரேக்அவே கேபிள் (டிரெய்லர் வண்டில இருந்து கழண்டா பிரேக்கை தானா போடுற கேபிள்) இழுபட்டு லாக் ஆகி நிக்கலையேன்னு முதல்ல பாருங்க, அது இழுத்திருந்தா அழுத்தம் உள்ளயே நின்னு எல்லாமே குழம்பிடும். டிரெய்லர்ல பெடல் இல்ல, இழுக்குற வண்டி நிக்கும்போது டிரெய்லர் பின்னால இருந்து முட்டுற வேகத்துல கப்ளர் (வண்டியோட டிரெய்லரை மாட்டுற முன் பாகம்) உள்ள போய் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துற வகையா இருந்தா, பல மாடல்ல கப்ளருக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கும், அதுல பெரிய ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பி பம்ப் பண்ணலாம். மோட்டார் வச்ச எலெக்ட்ரிக் ஹைட்ராலிக் வகைன்னா ஒருத்தர் வண்டிக்குள்ள உக்காந்து டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரை கையால அழுத்தணும்.

மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து ரொம்ப தூரத்துல இருக்குற சக்கரத்துல ஆரம்பிங்க, அதாவது பின் ஆக்ஸில்ல லைன் நீளமா போற பக்கம், அப்புறம் அதே ஆக்ஸில்ல அடுத்தது, அப்புறம் முன் ஆக்ஸில். நிப்பிள்ல ரிங் ஸ்பேனர் போட்டு அது மேல டிரான்ஸ்பரென்ட் டியூப் மாட்டி, இன்னொரு முனை ஆயிலுக்குள்ள முங்கி இருக்குற மாதிரி பாட்டில்ல விடுங்க. மெதுவா ஒரு அழுத்து, அழுத்தி பிடிச்சிருக்கும்போதே நிப்பிள திறந்து மூடுங்க, மூடினதுக்கு அப்புறம் தான் விடணும், வேகமா குத்தினா பெரிய குமிழி நூறு சின்னக் குமிழியா உடைஞ்சு நுரையா வரும், அதை எடுக்குறது இன்னும் கஷ்டம். நடுவுல காலிப்பரை ரப்பர் சுத்தியால லேசா தட்டுங்க. எனக்கு சரியான பக்கம் மாத்தி மாட்டினதுக்கு அப்புறமும் ஒரு காலிப்பர்ல ஒண்ணும் வரல, ரெண்டு தட்டு தட்டினேன், பயறு அளவுக்கு ஒரு குமிழி டியூப்ல ஏறி வளைவுல கொஞ்சம் நின்னு நின்னு போச்சு, அடுத்த அழுத்துலயே ஸ்க்ரூடிரைவர் கல்லு மாதிரி நின்னுடுச்சு.

புது லைன்னா பொறுமை வேணும், சும்மா 6 மீட்டர் 3/16 இஞ்ச் டியூபை நிரப்பவே சுமார் 50 மில்லி வேணும், காலிப்பர் தனி. அதனால ரிசர்வாயர்ல (மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் ஊத்துற தொட்டி) ஆயில் பாதிக்கு கீழ இறங்க விடாதீங்க, ஒரு தடவை காலியானா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வேக்குவம் பம்ப் வச்சு உறிஞ்சுனா நிப்பிள் மரை வழியா வெளிக்காத்து உள்ள வந்து குமிழி நிக்கவே நிக்காது, அதை பாத்து பயப்படாதீங்க.

ஆயில் டாட் 3 இல்லன்னா டாட் 4, எது எழுதியிருக்கோ அது, சிலிகான் டாட் 5 கலக்கவே கூடாது. வெளிய எடுத்ததை திருப்பி ஊத்தாதீங்க, ரொம்ப நாள் திறந்து கிடந்த பாட்டிலும் வேண்டாம், அது காத்துல இருந்து ஈரத்தை இழுக்கும், டாட் 3 புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் ஏறினா அந்த அளவு 140 தான். பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க.

நிப்பிள் மேல தான் இருக்கு, குமிழியும் இல்ல, ஆனாலும் பிடிக்கலன்னா அது ஏர் பிரச்சனையே இல்லாம இருக்கலாம். நீங்க டிரம்ல இருந்து மாறினவர்ங்கிறதால இத கண்டிப்பா பாக்கணும். எலெக்ட்ரிக் ஹைட்ராலிக் வகைல பம்ப் யூனிட் டிரம்முக்கு 1000 பிஎஸ்ஐ, டிஸ்க்குக்கு 1600 பிஎஸ்ஐன்னு தனித்தனியா வருது, டிரம்முக்கான பழசையே வச்சிருந்தா எவ்வளவு ஏர் எடுத்தாலும் பிடி பத்தாது. டிரம் மாஸ்டர் சிலிண்டர் வாய்ல லைன்ல எப்பவும் கொஞ்சம் அழுத்தம் நிக்கிறதுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கும், டிஸ்க்குக்கு அதை எடுத்தே ஆகணும், இல்லன்னா பேட் உரசிக்கிட்டே ஓடி ஆயில் கொதிச்சு ஆவியாகி, கிளம்பும்போது நல்லா இருந்த பிரேக் கொஞ்ச தூரத்துல காணாம போயிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் பிரேக் பிடிக்காம இருக்க ரிவர்ஸ் லைட் வயர்ல இருந்து வேலை செய்யுற சோலனாய்டு வால்வு (கரன்ட்ல இயங்குற வால்வு) இருந்தா, கரன்ட் போகாத நேரத்துல தான் ஏர் எடுக்கணும், கரன்ட் இருந்தா சக்கரத்துக்கு போற வழியை அது அடைச்சிடும்.

முடிச்சதும் ஒரு சின்ன ஓட்டம் ஓட்டிட்டு வந்து நாலு டிஸ்க் பக்கத்துலயும் புறங்கையைக் கொண்டு போய் பாருங்க, தொட வேண்டாம், ஒண்ணு மட்டும் அதிகமா கொதிக்குதா, ஒண்ணு மட்டும் சில்லுனு இருக்கான்னு தெரிஞ்சிடும். என்ன ஆச்சுன்னு கீழ எழுதுங்க, முடிஞ்சா நிப்பிள் தெரியுற மாதிரி ஒரு போட்டோவும் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.