பயிற்சியில் 80, போட்டியில் 60: குறை துப்பாக்கியிலா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஸ்போர்ட்டிங் கிளேஸ் (எறிபொறி வீசும் தட்டுகளைத் துப்பாக்கியால் உடைக்கும் விளையாட்டு) சுடுகிறேன். பயிற்சியில் 100 தட்டுகளுக்கு 78 முதல் 82 வரை உடைக்கிறேன். போட்டிக்குப் போனால் 60-ஐத் தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது. கடைசி மூன்று போட்டிகளில் 61, 58, 63. சோக்கை (ரவைகள் பரவும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) இறுக்கமானதாக மாற்று என்கிறார் ஒரு நண்பர். 28 அங்குலக் குழலை விட்டு 32 அங்குலத்துக்குப் போ என்கிறார் இன்னொருவர். கனமான தோட்டா வாங்கு என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எதை முதலில் செய்வது?

பதில்: எதையும் செய்யாதீர்கள். பயிற்சியில் 80 தட்டுகளை உடைக்கும் துப்பாக்கி உங்கள் தோளுக்கும் கண்ணுக்கும் பொருந்தியிருக்கிறது என்றுதான் பொருள். பொருந்தாத துப்பாக்கி ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் மட்டும் தவறாது, புதன்கிழமைப் பயிற்சியிலும் தவறும். இரண்டு இடத்திலும் உங்கள் எண்ணிக்கை தாழ்ந்திருந்தால் நானே முதலில் துப்பாக்கியைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஒரு கணக்கை முதலில் நேராக்கிவிடுவோம். நீங்கள் இழப்பதாக நினைக்கும் 20 தட்டுகளில் சில உங்கள் இழப்பே அல்ல. போட்டிக்குத் தளம் அமைப்பவர் பயிற்சித் தளத்தைவிடக் கடினமாகத்தான் அமைப்பார். ஆகவே அன்றைய வெற்றியாளரின் எண்ணிக்கையோடு உங்களுடையதை வைத்துப் பாருங்கள். அவர் 96 எடுத்த நாளில் நீங்கள் எடுத்த 61 வேறு, அவரே 84-இல் நின்ற நாளில் எடுத்த 61 வேறு. தளத்துக்குத் தளம் கடினம் மாறும் விளையாட்டில் தனி எண்ணை வைத்து மனம் உடைந்துபோவது வீண்.

மீதி இழப்புக்கு வருவோம். உங்கள் மதிப்பெண் அட்டைகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்று நம்புகிறேன். ஒவ்வொரு நிலையிலும், அதாவது தளத்தில் நின்று சுடும் ஒவ்வோர் இடத்திலும், முதல் ஜோடித் தட்டுகளை மட்டும் ஒரு வண்ணத்தால் சுற்றி வளையுங்கள். 14 நிலைகள் உள்ள தளம் என்றால், எட்டு நிலைகளில் நான்கு ஜோடிகளும் ஆறு நிலைகளில் மூன்று ஜோடிகளும் வைத்தால் 100 தட்டுகள் ஆகிவிடும். ஒவ்வொரு நிலையின் முதல் ஜோடியிலும் ஒரே ஒரு தட்டைத் தவறவிட்டாலும் 14 போய்விடுகின்றன. நீங்கள் தேடும் 20-இல் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. உங்களைப் போன்ற பலருடைய அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஜோடியில் ஓட்டை, அடுத்த ஜோடியில் பாதி, மூன்றாவதும் நான்காவதும் முழுசாக உடைந்திருக்கும். நான்காவது ஜோடியை உடைக்கத் தெரிந்தவருக்குச் சுடத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தட்டை முன்கூட்டிப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சியில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நிலையின் சுடும் கூண்டில் நின்று அதே தட்டைப் பத்து முறை கேட்கிறீர்கள். முதல் இரண்டு தவறுகின்றன. மூன்றாவதில் கைக்குப் பிடி கிடைக்கிறது. அடுத்த ஏழும் உடைகின்றன. வீட்டுக்குப் போகும்போது அந்த ஏழுதான் மனத்தில் நிற்கின்றன. அது திரும்பத் திரும்பச் செய்து கை பழகிய திறமை. போட்டி அதைச் சோதிப்பதில்லை. இதுவரை பார்த்திராத தட்டை, பார்த்த மாத்திரத்தில் கணித்து, முதல் முறையே உடைக்கிறாயா என்பதுதான் அங்கே கேள்வி. இந்த விளையாட்டின் பிறப்பே அப்படி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பறவை வேட்டைக்காரர்களின் பயிற்சிக்காக உருவானது இது. தட்டு சுடும் மற்ற விளையாட்டுகளான ட்ராப்பிலும் ஸ்கீட்டிலும் எறிபொறி நிற்கும் இடமும் தட்டு போகும் வழியும் விதிகளால் கட்டப்பட்டவை. இங்கே இரண்டு தளங்கள் ஒன்றுபோல இருக்கவே கூடாது. உலகப் பட்டங்களை 20 முறைக்கு மேல் வென்ற இங்கிலாந்தின் ஜார்ஜ் டிக்வீட் போன்றவர்களை நாம் வியப்பது இதனால்தான். எந்தத் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவர்களால் முதல் ஜோடியிலேயே தட்டைப் படித்துவிட முடிகிறது.

சரி, எப்படிப் படிப்பது? நிலைக்கு வந்ததும் சுடுவதற்கு முன் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். பெரும்பாலானோர் அதை வாணவேடிக்கை பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இடமிருந்து வலம்" என்று முடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சில நொடிகளில் பார்க்க வேண்டியவை நிறைய. தட்டு எந்த இடத்தில் கீற்றாகத் தெரிகிறது, எந்த இடத்தில் விளிம்பு தெளிகிறது? அதன் முதுகு நமக்குத் தெரிகிறதா, வயிறா, வெறும் விளிம்பா? வேகம் குறைந்து சரியத் தொடங்கும் இடம் எது? ஏறிக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும் தட்டு பல நேரம் சரிந்துகொண்டிருக்கும். பின்னால் இருக்கும் குன்றும் மரவரிசையும் அப்படி ஏமாற்றும்.

பார்த்ததும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உடைக்கும் இடம், கண் தட்டைப் பிடிக்கும் இடம், குழல் காத்திருக்கும் இடம். இந்த வரிசை முக்கியம். உடைக்கும் இடத்தை முதலில் முடிவு செய்து, உங்கள் தொப்புள் அந்தத் திசையைப் பார்க்கும்படி கால்களை வையுங்கள். பிறகு கால்களை அசைக்காமல் இடுப்பை மட்டும் திருப்பிக் குழலைக் காத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எறிபொறியைப் பார்த்தே கால் ஊன்றுபவர்களுக்கு, சுட வேண்டிய இடம் வருவதற்குள் உடல் முறுக்கி நின்றுவிடும். துப்பாக்கி ஓடாது.

என்னிடம் பயிலும் ஒரு பெண்மணி இதை அருமையாகச் செய்வார். காட்டும் ஜோடியைப் பார்த்து முடித்ததும் தளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, தணிந்த குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்: "முதல் தட்டு, ஒடிந்த கிளைக்கு இடப்பக்கம். இரண்டாவது, மண்மேட்டுக்கு மேல் வேலிக்கம்பத்தைத் தாண்டுவதற்குள்." சொல்ல முடியாவிட்டால் தான் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்தவர் சுடும்போது மறுபடி கவனிப்பார். கூண்டுக்குள் நுழையும்போது முடிவெடுக்க வேண்டியது எதுவும் அவரிடம் மிச்சம் இருக்காது.

தட்டின் வகையும் உங்களை ஏமாற்றும். சாதாரணத் தட்டின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், சிறிய வகைகளான மிடி 90, மினி 60. மிடியைப் பார்த்தவுடன் 'தூரத்தில் போகிறது' என்று மனம் முடிவு கட்டிவிடும். உண்மையில் அது நீங்கள் நினைப்பதைவிட அருகில் இருக்கும். பாட்டூ மெல்லிய தட்டு. விளிம்பு மட்டும் காட்டிக் கத்திபோலப் பறந்து, பின் புரண்டு முழு முகத்தையும் காட்டியபடி விழும். புரளும் வரை பொறுத்தவருக்கு அது பெரிய இலக்கு. பதறியவருக்கு ஒரு கோடு. தரையில் உருண்டோடும் முயல் தட்டுக்குத் தரையையே படிக்க வேண்டும்: எங்கே மேடு, எங்கே கல், எந்த இடத்தில் துள்ளும்?

படித்த தட்டையும் தவறவிடுவதற்குப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் தட்டு ஒரு நொடிக்கு 18 மீட்டர் நகர்கிறது. அது 32 மீட்டர் தூரத்தில் இருந்தால், ரவைகள் போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் தட்டு ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே அந்த அளவு முன்னால் சுட வேண்டும். இந்த முன்தூரம் மனத்தில் இருப்பது நல்லது. ஆனால் சுடும் கணத்தில் அதை அளக்கப் போனால் எல்லாம் கெட்டுவிடும். கண்ணால் குழல் முனையையும் தட்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க இயலாது. இடைவெளி சரியா என்று சரிபார்க்கக் கண் குழலுக்குத் தாவிய அந்த நொடியில் கை நின்றுவிடும். ரவைகள் தட்டுக்குப் பின்னால் போகும். பயிற்சியில் பயம் இல்லாததால் நீங்கள் தட்டையே பார்க்கிறீர்கள். போட்டியில் உறுதிப்படுத்திக்கொள்ள ஆசைப்பட்டுக் குழலைப் பார்க்கிறீர்கள். அதே கை, அதே துப்பாக்கி, அதே தோட்டா. கண் மட்டும் இடம் மாறிவிட்டது.

இப்போது நண்பர்களின் யோசனைகளைப் பார்க்கலாம். 40 கஜ தூரத்தில், 30 அங்குல வட்டத்துக்குள், தளர்வான இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் ஏறத்தாழ 50 விழுக்காடு ரவைகளை வைக்கிறது, அதைவிட இறுக்கமான மாடிஃபைடு 60 விழுக்காடு. குழல் நின்றுபோய் ஒரு மீட்டர் பின்னால் சுட்டவருக்கு இந்த வேறுபாடு எந்த வகையில் உதவும்? இறுக்கமான சோக், சிறு தவற்றைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தை இன்னும் குறுக்கத்தான் செய்யும். நீண்ட குழல் நல்லதுதான், தூரத் தட்டுகளுக்கு அதன் ஓட்டம் சீராக இருக்கும். ஆனால் போட்டிகளுக்கு நடுவே மாற்றினால் பழகவே மாதங்கள் ஆகும். கனமான தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். பின்னுதைப்பு 100 முறை தோளில் விழுந்தால், விசையை இழுக்கும்போதே உடல் சுருங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைப் போக்குவது புதிதாகச் சுடக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். 28 கிராம் ரவை உள்ள தோட்டா போதும், 24 கிராமில் நன்றாகச் சுடுபவர்களும் உண்டு.

பயிற்சியை இப்படி மாற்றுங்கள். ஒரு நாளைக்கு 100 வேண்டாம், 50 போதும். ஒரு நிலையில் இரண்டு ஜோடிக்கு மேல் சுடாதீர்கள். தவறினாலும் நகர்ந்துவிடுங்கள். இதுதான் மிகவும் வலிக்கும் விதி. உடைக்காமல் போக மனம் வராது, இன்னும் ஒரே ஒரு முறை என்று கெஞ்சும். நகர்ந்துவிடுங்கள். முழுச் சுற்றும் முடித்துத் திரும்பி வரும்போது அந்தத் தட்டு மறுபடி புதிதாகியிருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. எந்த எறிபொறியோடு எதைச் சேர்ப்பது என்பதை நண்பர் தேர்வு செய்யட்டும். குழுவில் எப்போதும் முதல் ஆளாகச் சுட முன்வாருங்கள். மற்றவர் சுடுவதைப் பார்த்துக் கணக்குப் போடும் வசதி முதல் ஆளுக்கு இல்லை. குறிப்பேட்டில் முதல் ஜோடியின் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். 50-க்கு எத்தனை என்பதை எழுதவே வேண்டாம்.

ஜோடியின் இரண்டாவது தட்டுக்கு ஒரு சொல். ரிப்போர்ட் ஜோடியில் உங்கள் வெடிச் சத்தம் கேட்டதும் இரண்டாவது தட்டு கிளம்பிவிடும். முதல் தட்டு தூளாவதை ரசித்துக்கொண்டு நின்றால் இரண்டாவதைத் துரத்த வேண்டி வரும். முதல் தட்டு உடைந்தாலும் தவறினாலும் கண் உடனே அடுத்த பிடிக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டும் சேர்ந்து கிளம்பும் ட்ரூ ஜோடியில், எது சீக்கிரம் கைக்கு எட்டாமல் போகுமோ அதை முதலில் எடுப்பதே பெரும்பாலும் சரி.

வீட்டிலும் செய்யலாம். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டின் மேல் குழலை ஓட்டியபடி தோளுக்கு ஏற்றிப் பழகுங்கள். கன்னம் கட்டையில் பதிவதும் அது தோளில் அமர்வதும் ஒன்றாக நிகழ வேண்டும். பிரான்ஸை மையமாகக் கொண்ட ஃபிடாஸ்க் அமைப்பின் முறைப்படி நடக்கும் போட்டிகளில், தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கிக் கட்டை தோளுக்கு 25 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் போட்டியில் அந்த விதி இல்லாவிட்டாலும் அப்படிப் பழகுவது நன்மை தரும். தாழ்ந்த துப்பாக்கி கண்ணை மறைக்காது.

போட்டி நாளில் முதல் ஜோடியில் ஒன்று தவறினால் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: விளிம்பைப் பார்த்தேனா? இல்லை என்றால் எதையும் மாற்றாமல் இந்த முறை விளிம்பைப் பாருங்கள். ஆம் என்றால், முன்தூரமா, உயரமா என்று ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சரியும் தட்டு என்றால் பெரும்பாலும் மேலே சுட்டிருப்பீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரியானது என்று தெரியாமலே நிலை முடிந்துவிடும்.

ஆறு வாரம் இப்படிச் செய்துவிட்டு இரண்டு போட்டிகளுக்குப் போங்கள். முதல் ஜோடிகளைச் சுற்றி வளைத்த இரண்டு அட்டைகளையும், அன்றைய வெற்றியாளரின் எண்ணிக்கையையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். 14 முதல் ஜோடிகளின் 28 தட்டுகளில் 20-ஐ உடைத்திருந்தும் மொத்த எண்ணிக்கை நகரவில்லை என்றால், அப்போது சோக்கைப் பற்றியும் குழலைப் பற்றியும் உட்கார்ந்து பேசுவோம்.