பகல் பதிவில் தெரியாதது உறக்கத்தில் தெரியுமா?

கேள்வி: என் 8 வயது மகனுக்கு இரண்டு முறை, விடியற்காலை உறக்கத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணி இழுத்து, எச்சில் வழிந்தது, நினைவு இருந்தும் சற்று நேரம் பேச வரவில்லை. பகலில் விழித்திருக்கும்போது எடுத்த இ.இ.ஜி. எனும் மூளை மின் அலைப் பதிவில் குறை ஏதும் இல்லை. இரவில் தாமதமாக உறங்கவைத்து, அதிகாலையில் எழுப்பி, மறுபடியும் பதிவுக்கு அழைத்து வருமாறு நரம்பியல் மருத்துவர் சொல்கிறார். இது தேவைதானா? உறக்கம் கெட்டால் வலிப்பு வந்துவிடாதா?

பதில்: தேவைதான் அம்மா. வழக்கமான இ.இ.ஜி. 20 முதல் 30 நிமிடங்கள் வரையே எடுக்கப்படுகிறது. அந்த நேரத்துக்குள் மூளையில் நடந்ததை மட்டுமே அது காட்டும். வலிப்பு நோய் இருப்பது உறுதியானவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தென்படுவதில்லை என்பதால், குறை இல்லை என்ற அறிக்கையை நோய் இல்லை என்ற சான்றாகக் கொள்ள முடியாது.

உறக்கத்தில் நிலைமை மாறுகிறது. கனவு வராத உறக்கத்தில், மூளையின் நடுவே உள்ள தலாமசும் மேற்பரப்பான புறணியும் ஒரே தாளத்தில் இயங்கத் தொடங்குவதால், விழிப்பில் அடங்கிக் கிடக்கும் வலிப்புக்குரிய கூர்முனை அலைகள் ஒன்றுதிரண்டு பதிவில் வெளிப்படுகின்றன. கனவு காணும் கட்டத்தில் அந்தத் தாளம் குலைய, அவையும் பெரும்பாலும் குறைந்துவிடுகின்றன. இ.இ.ஜி. ஆய்வின் முன்னோடிகளான பிரெடெரிக் கிப்ஸ், எர்னா கிப்ஸ் தம்பதியர் உறக்கப் பதிவின் பயனை 1947-லேயே எடுத்துக்காட்டினர்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயைச் சொல்வது முறையல்ல. ஆயினும் நீங்கள் விவரித்திருப்பது, பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் காணப்படும் ரோலாண்டிக் வலிப்பை நினைக்க வைக்கிறது. அவ்வகையில் கூர்முனை அலைகள் உறக்கத்தில் பன்மடங்கு பெருகும். சில பிள்ளைகளுக்கு உறக்கத்தில் மட்டுமே தோன்றும். அதுவாகவே இருந்தால், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதின்வயதில் தானாகவே நின்றுவிடும் என்பது உங்களுக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தி.

உங்கள் அச்சம் நியாயமானதே. உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டக்கூடும். அதனால்தான் எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதை வயதுக்கேற்ப மருத்துவர் முடிவு செய்கிறார். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடப் பிள்ளையை விழிக்க வைக்காதீர்கள். வரும் வழியில் வண்டியில் உறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தலையை அலசிவிட்டு, எண்ணெய் தடவாமல் அழைத்துச் செல்லுங்கள். மருந்து ஏதேனும் தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். மூளையில் எழும் மின் அலைகளைக் கருவி பதிவு செய்கிறதே தவிர, உடலுக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நலமாக உள்ளவர்களுக்கும் உறக்கத்தில் உச்சந்தலைப் பகுதியில் கூரிய அலைகள் எழுவது இயல்பு. அனுபவமில்லாத கண் அதை வலிப்பின் அடையாளமாகப் படித்துவிடும். வலிப்பே வராத பிள்ளைகள் சிலரிடமும் உண்மையான கூர்முனை அலைகள் காணப்படுவதுண்டு. ஆகவே, வெறும் பதிவுத் தாளை நம்பி ஒரு பிள்ளைக்கு வலிப்பு நோயாளி என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க இயலாது. நீங்கள் கண்ணால் கண்டதே முதல் சான்று. பதிவு அதற்குத் துணை நிற்பது.

மறுபடியும் வந்தால், பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். அருகில் இருப்பவரைக் கைபேசியில் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். இழுப்பு 5 நிமிடங்களைத் தாண்டினால், காணொளியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.