உத்திரத்தில் இடைவெளி: போல்ட் போட்டு இறுக்கலாமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு. முற்றத்துத் தாழ்வாரத்தில், தூண்களுக்கு மேல் உத்திரங்கள் சேரும் இரண்டு இடங்களில் இடைவெளி தெரிகிறது. இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். பார்க்க வந்த பழைய மர வியாபாரியோ, "மூட்டெல்லாம் விட்டுப்போச்சு, இனி நிற்காது" என்று தாழ்வாரத்தையே பிரித்து எடுத்துக்கொள்ளக் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த வியாபாரியை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் தூணின் தலையில் செதுக்கிய நாக்கு, அதைக் கழுந்து என்போம், போதிகையின், அதாவது தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருக்கும் தாங்குகட்டையின், துளைக்குள் ஏறியிருக்கும். போதிகைக்கு மேல் இரண்டு உத்திரங்களும் பாதிப் பாதி வெட்டப்பட்டு ஒன்றின் மேல் ஒன்று படுத்திருக்கும். ஊடே ஒரு மர ஆணி. அவ்வளவுதான். மேலே இருக்கும் ஓட்டின் பாரமே அந்த மூட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இடைவெளி எந்த வாட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. எட்டு அங்குல உயரமுள்ள தேக்கு உத்திரம் காயக் காய இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் வரை இளைக்கலாம். ஆகவே மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் நடுவே படுக்கையாக ஒரு கோடு போல இடைவெளி இருந்தால், அது மரம் காய்ந்ததன் அடையாளம். பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு உத்திரங்களின் முனைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செங்குத்தாக இடைவெளி இருந்தால், எதுவோ அவற்றை இழுத்திருக்கிறது. பெரும்பாலும் தூண் சாய்ந்திருக்கும்.

டார்ச் அடித்து இடைவெளிக்குள் பாருங்கள். உள்ளே கறுத்து, தூசியும் ஒட்டடையும் படிந்திருந்தால் அது உங்கள் தாத்தாவே பார்த்த இடைவெளி. ஓரத்தில் மரம் தேன் நிறத்தில் புதிதாகத் தெரிந்தால், சமீபத்தில் நகர்ந்திருக்கிறது. அப்போது தூணின் அடுத்தடுத்த இரண்டு முகங்களில் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். சாய்வு இருந்தால் வைத்தியம் தூணின் அடிக்கல்லுக்கு, மூட்டுக்கு அல்ல. முட்டுக் கொடுத்துத் தூணை நேராக்கினால் மூட்டு பெரும்பாலும் தானே வந்து சேரும்.

போல்ட் ஏன் வேண்டாம்? நல்ல தச்சர் கழுந்தில் ஆணித் துளையைத் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் அடிப்பக்கமாக, அரை நூல் தள்ளிப் போடுவார். மர ஆணியை அடிக்க அடிக்க, அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். மழைக்கு மரம் ஊதினாலும் கோடைக்கு இளைத்தாலும் ஆணியும் மரம்தானே, சேர்ந்து விட்டுக்கொடுக்கும். இரும்பு விட்டுக்கொடுக்காது. பட்டை போட்டு இறுக்கிய மரம் காயும்போது சுருங்க வழியில்லாமல் இழை நெடுகப் பிளக்கும். துருப்பிடித்தால் இரும்பு பருத்து இன்னும் பிளக்கும். போதாததற்கு, போல்ட்டுக்குத் துளை போடும்போது மூட்டில் மிச்சமிருக்கும் மரமும் போகிறது. பழைய ஆணி தளர்ந்திருந்தால் வைரம் பாய்ந்த மரத்தில் புது ஆணி செதுக்கிப் போடச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். உத்திரத்தின் மறுமுனை சுவருக்குள் போகிறது அல்லவா? அந்தச் சுவருக்கு யாராவது சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு சிமெண்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே மர முனை இற்றுப்போயிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. சுவரோரத்தில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், இன்னோர் இடத்திலும் குத்தி ஒப்பிடுங்கள். மெத்தென்று இறங்கினால் முட்டுக் கொடுத்து, இற்ற பாகத்தை நல்ல மரம் வரும்வரை வெட்டி, புதுத் துண்டைச் சாய்வாக இணைக்க வேண்டும். இணைப்பின் நீளம் உத்திர உயரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு: எட்டு அங்குலத்துக்கு இரண்டு அடி. அதுவும் சுவரை ஒட்டியே, நடுவில் கூடவே கூடாது. இங்கே மட்டும் துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடலாம், ஏனென்றால் இந்த இணைப்பு வளைவைத் தாங்க வேண்டும், வெறும் மர ஆணிக்கு அது அதிகம். பழைய மூட்டுக்கு இரும்பு வேண்டாம் என்றவரே இங்கே போடச் சொல்கிறாரே என்று குழம்பாதீர்கள். அது பாரம் உட்காரும் மூட்டு, இது நாம் புதிதாக ஒட்டவைக்கும் மூட்டு.

சரி, வியாபாரிக்கு வருவோம். இவர்கள் சுத்தியலால் தட்டி, "உளுத்துப்போச்சு" என்று முகத்தைச் சுளிப்பார்கள். பிரிக்கும் கூலி தங்களுடையது, குப்பையையும் அள்ளிவிடுகிறோம் என்பார்கள். உளுத்த மரத்துக்கு எதற்கையா இவ்வளவு ஆசை? அது பர்மா தேக்கு, அவர்களுக்குத் தெரியும். மொத்த விலை பேசுவார்கள், கன அடிக் கணக்கு போடவே மாட்டார்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் ஆணியைத் தட்டி எடுக்கப் பொறுமையில்லாமல் மூட்டுகளை ரம்பத்தால் அறுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் மனம் மாறியபோது திரும்ப மாட்ட ஒன்றும் மிச்சமில்லை. மாற்று மரம் தருகிறேன் என்று யார் வந்தாலும் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லுங்கள், பாலிஷ் போட்ட மரத்தை வாங்காதீர்கள்.

கோபம் வருவது இன்னொன்றில். மரக்கூடுகளை அளந்து வரையும் பிரெஞ்சுத் தச்சர்களின் கலையை யுனெஸ்கோ 2009-ல் தன் பட்டியலில் சேர்த்தது. ஜப்பானின் மரக் கட்டடப் பராமரிப்புக் கலையை 2020-ல் சேர்த்தது. இங்கே உங்கள் பழுதுக்கு எஸ்டிமேட் கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் எல்லாம் மூட்டு வேலைக்கு ஒரு வரிகூட இல்லை. கான்கிரீட் தளத்துக்கு எத்தனை வரி! தச்சரின் மூன்று நாள் கூலியில் முடியும் வேலைக்கு, இடித்துக் கட்டச் சொல்கிறார்கள்.

இப்போதைக்கு இடைவெளியின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கார்த்திகை மழையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை அளந்து பாருங்கள். அதற்கு முன்னால், அந்த இரண்டு மூட்டுகளுக்கு மேலே உடைந்த ஓடு இருக்கிறதா என்று ஏறிப் பார்த்து இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.