நிலம் இருக்கிறது, ஆர்வி பார்க் போடலாமா? (கேள்வி பதில்)

ஆஸ்டினுக்குக் கிழக்கே 11 ஏக்கர் கறுப்பு மண் பூமியில், 10 வண்டி நிற்கிற சின்ன ஆர்வி பார்க் ஒன்றை நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். இது நாலாவது வருடம். ஆர்வி என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள சக்கர வீடு. அது வந்து நிற்க இடமும், கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் கொடுப்பதுதான் நம் வேலை. டெக்சாஸில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இதையே கேட்கிறீர்கள், அதனால் மொத்தமாக எடுத்துக்கொண்டேன். சொல்வதெல்லாம் டெக்சாஸ் நிலவரம், வேறு மாநிலத்துக்கு அப்படியே பொருந்தாது.

செந்தில், ப்ளேனோ: அக்கா, 8 ஏக்கர், இப்போது மாடு மேய்கிறது. ஜல்லி போட ஆள் பேசியாச்சு, திங்கட்கிழமை வருகிறார்கள். முதலில் எந்தப் பக்கம் ஆரம்பிக்கலாம்?

திங்கட்கிழமை வர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி. ஜல்லி கடைசி வேலை. முதலில் ஃபீமா (அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் துறை) வெள்ள வரைபடத்தில் உங்கள் நிலம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அப்புறம் பத்திரத்தில் ஏதாவது கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா, பக்கத்து நகரத்தின் விதி நீளுகிற வெளி எல்லைக்குள் வருகிறீர்களா என்று பாருங்கள். அதற்கப்புறம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஆபீஸ். இங்கே பெரும்பாலான கவுண்டிகளுக்கு இன்ன நிலத்தில் இன்னதுதான் செய்யலாம் என்று பிரிக்கிற அதிகாரம் கிடையாது, அதை வைத்துக்கொண்டு "கவுண்டியில் கேட்கவே வேண்டாம்" என்று பலர் சொல்வார்கள். தப்பு. ஆர்வி பார்க்குக்கென்று தனி விதி வைத்திருக்கிற கவுண்டிகள் நிறைய, ரோடு அகலம், வடிகால், செப்டிக் எல்லாம் அதில் வரும். முன்னால் போவது மாநில ரோடு என்றால் வாசல் வைக்க நெடுஞ்சாலைத் துறை பெர்மிட்டும் வேண்டும். மாடு மேய்கிறது என்கிறீர்களே, விவசாய மதிப்பில் குறைந்த வரி கட்டிக்கொண்டிருப்பீர்கள். உபயோகம் மாறினால் அந்தப் பகுதிக்கு முந்தைய 3 வருட வரி வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். பார்க்குக்கு எடுக்கிற பகுதியை மட்டும் அளந்து பிரித்துக் காட்டினால் மிச்சத்தில் மாடு மேயலாம், பழைய வரியும் தொடர வாய்ப்பு உண்டு.

முருகேசன், ரவுண்ட் ராக்: எங்கள் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். இங்கே வாங்கிய நிலமும் அச்சு அசல் கரிசலாக இருக்கிறது. ஜல்லி கொட்டினால் போதாதா?

கோவில்பட்டிக்காரருக்குத் தெரியாததா! அதே ஜாதி மண்தான் அண்ணா. சான் ஆன்டோனியோவிலிருந்து டல்லாஸ் தாண்டி வரைக்கும் ஒரு பட்டையாக ஓடுகிறது, இதில் பேர்போன வகைக்கு 'ஹூஸ்டன் பிளாக்' என்று பெயர், டெக்சாஸின் மாநில மண்ணே அதுதான். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். முதல் ஆகஸ்டில் எங்கள் நிலத்து வெடிப்பு ஒன்றில் கையை விட்டேன், முழங்கை வரைக்கும் உள்ளே போனது, அடி தட்டவில்லை.

நாங்கள் முதலில் நாலு இடத்துக்கு நீங்கள் சொல்வது போலத்தான் செய்தோம். புல்லை மழித்து, மேலே ஆற்றுக் கூழாங்கல் கொட்டினோம். அக்டோபரில் இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் 38 அடி வண்டி ஒன்று உள்ளே வந்து, பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. கல்லெல்லாம் எங்கே என்று மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தால், ஓர் அடிக்குக் கீழே கறுப்புக் களிக்குள் பணியாரத்தில் தேங்காய்ச் சில்லு மாதிரி ஒவ்வொன்றாகப் புதைந்து கிடக்கிறது. அவ்வளவு பணமும் மண்ணுக்குள்.

இரண்டாம் தடவை செய்த முறை இது: மேல்மண்ணை அரை அடி எடுத்துவிட்டு, களியும் கல்லும் கலக்காமல் இருக்க நெய்த ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்தோம். அதன் மேல் உடைத்த சுண்ணாம்புக் கல், தூளோடு சேர்ந்தது, 8 அங்குலம், இரண்டு அடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினோம். உருண்டைக் கல் வேண்டவே வேண்டாம், அது ஒன்றோடொன்று கவ்வாது. நடுவே மேடு, இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் வாய்க்கால். தண்ணீர் தேங்காமல் ஓடிவிட்டால் இந்த மண் நல்ல மண். களியிலேயே சுண்ணாம்பைக் கலந்து இறுக்குகிற முறையும் உண்டு, இங்கே நெடுஞ்சாலைக்குச் செய்வதுதான், ஆனால் அதற்கு மிஷினும் தெரிந்த கையும் வேண்டும். குழாய்களையும் மறக்காதீர்கள். மண் அசைகிறபோது குழாய் மூட்டு விடும், சுற்றிலும் மணல் போட்டுப் படுக்க வையுங்கள்.

பிரியா, கேட்டி: ஒரு சைட்டுக்கு மாதம் எவ்வளவு வருமானம் வரும்?

உங்கள் பக்கத்தில் இருக்கிற மூன்று பார்க்குக்கு நேரில் போய் வாடகையும் எத்தனை இடம் காலி என்றும் பாருங்கள், அதுவும் ஜனவரியில் போய்ப் பாருங்கள். என் கணக்கு உங்களுக்கு உதவாது.

பெயர் வேண்டாம், இர்விங்: ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். நானே நடத்தலாமா?

நிலம் வாங்குவது வேறு, நீங்களே நின்று வேலை பார்ப்பது வேறு. குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், என்னிடமோ நண்பரிடமோ கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

கணேஷ், ஜார்ஜ்டவுன்: 10 ஏக்கருக்கு மேல் இருந்தால் செப்டிக்குக்கு பெர்மிட்டே வேண்டாமாம். என்னிடம் 12 இருக்கிறது.

அந்த விலக்கு ஒரே ஒரு குடும்பம் வாழ்கிற வீட்டுக்கு. பார்க்குக்குக் கிடையாது. இதை நம்பிக் குழி தோண்டியவர்களை எனக்குத் தெரியும், மறுபடி தோண்டினார்கள்.

ஆர்வி கழிவு வீட்டுக் கழிவு மாதிரி இருக்காது. வண்டிக்குள் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பதால் கெட்டியாக வரும், நாற்றம் போக ஊற்றுகிற சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைட் இருக்கும், அது தொட்டியில் வேலை செய்கிற கிருமிகளையே கொன்றுவிடும். நாங்கள் வருகிற ஒவ்வொருவரிடமும் பாட்டிலை வாங்கிப் பார்க்கிறோம். நல்ல மருந்தை நாங்களே கொடுத்துவிடுகிறோம், அந்தச் செலவு ஒன்றுமே இல்லை. கரிசல் களி கழிவு நீரை உறிஞ்சாது என்பதால் கழிவு நீரை மண்ணுக்குள் விடுகிற சாதாரண வாய்க்கால் முறைக்கு அனுமதி கிடைக்காது. காற்று ஊட்டிச் சுத்திகரித்து, குளோரின் போட்டுத் தெளிக்கிற ஏரோபிக் முறைதான் எங்களுக்கு வந்தது. தெளிக்கிற பரப்புக்கே நல்ல இடம் போய்விடும், எத்தனை வண்டி நிறுத்தலாம் என்பதை முடிவு செய்வது அதுதான். நாளுக்கு 5,000 கேலனைத் தாண்டினால் இது செப்டிக் கணக்கிலேயே வராது, பெரிய சுத்திகரிப்பு நிலைய பெர்மிட் ஆகிவிடும். சின்னதாகவே இருங்கள்.

கணேஷ்: தண்ணீருக்கு போர்வெல் இருக்கிறது அக்கா.

15 இணைப்போ, வருடத்தில் 60 நாள் 25 பேருக்கோ தண்ணீர் கொடுத்தால் நீங்கள் பொதுக் குடிநீர் அமைப்பு. 10 வண்டியிலேயே 25 பேர் வந்துவிடுவார்கள். பரிசோதனை, குளோரின், பதிவேடு எல்லாம் உண்டு, கிணற்றைச் சுற்றி 150 அடிக்குச் செப்டிக் நீரைத் தெளிக்கிற பரப்பு வரக்கூடாது. ரோட்டில் கிராமத் தண்ணீர்க் குழாய் போனால் அதிலேயே இணைப்பு வாங்குங்கள்.

ராஜ், சான் ஆன்டோனியோ: எனக்கு குவாடலூப் ஆற்றங்கரையில் 6 ஏக்கர் வருகிறது. 100 வருட வெள்ளப் பகுதி என்று போட்டிருக்கிறார்கள். 100 வருடத்துக்கு ஒரு தடவைதானே, ஆற்றைப் பார்த்த இடத்துக்கு வாடகையும் அதிகம்.

ராஜ், 100 வருடத்துக்கு ஒருமுறை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 வருடம் நடத்தினால் ஏறக்குறைய நாலில் ஒன்று. 2025 ஜூலை 4 விடிவதற்கு முன் கெர் கவுண்டியில் இதே ஆறு, ஹன்ட் ஊர்ப் பக்கம் 45 நிமிடத்தில் சுமார் 26 அடி ஏறியது. நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கரையில் இருந்த ஆர்வி பார்க்குகள் வண்டியோடு போயின.

ராஜ்: சக்கரம் இருக்கிறதே அக்கா. எச்சரிக்கை வந்தால் இழுத்துக்கொண்டு போய்விடலாம். வீடா, கட்டடமா?

எங்களிடம் வந்த ஒரு தம்பதி, 20 வருடப் பழக்கம் உள்ளவர்கள், கிளம்புவதை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். கழிவுக் குழாயைக் கழற்றிக் கழுவி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, கரண்டைப் பிடுங்கி, வெளியே நீட்டிய பகுதிகளை உள்ளே இழுத்து, தாங்கு கால்களைத் தூக்கி, இழுக்கிற லாரியைப் பின்னால் எடுத்துக் கொக்கி மாட்ட 35 நிமிடம். பட்டப்பகலில், மழை இல்லாமல். நடு ராத்திரி நாலு மணிக்கு, தூங்குகிற பிள்ளைகளோடு, 10 வண்டியும் ஒரே வாசலில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் வெள்ளப் பகுதியில் ஆர்வி 180 நாளுக்குள் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் எந்த நேரமும் ரோட்டில் போகிற நிலையில் இருக்க வேண்டும் என்று ஃபீமா விதியே இருக்கிறது. அந்த விதிகூட ராத்திரி வருகிற தண்ணீருக்கு உதவாது.

லலிதா, ஆஸ்டின்: ராஜ் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆறு இல்லாவிட்டால் யார் வருவார்கள்? மேட்டில் நிறுத்தி, கீழே காலியாக விட்டுவிட முடியாதா?

அதைத்தான் செய்ய வேண்டும் லலிதா. மேட்டில் வண்டி, கீழே புல்வெளி, நாலு நாற்காலி, நடை பாதை. இருட்டியதும் கீழே யாரும் இல்லை. வெளியே போகிற ரோடு ஓடையைக் கடக்கக்கூடாது. வரைபடத்தை மட்டும் நம்பாமல் நிலத்துக்குப் போய் முள்வேலியைப் பாருங்கள், எந்த உயரத்தில் காய்ந்த புல்லும் குச்சியும் சிக்கியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் வந்திருக்கிறது.

ராஜ்: மேட்டில் 2 ஏக்கர்தான் தட்டை. அதில் எட்டு வண்டிதான் நிற்கும்.

எட்டு போதும். எட்டு வண்டிக்கும் இடமில்லை என்றால் அந்த நிலத்தை வாங்காதீர்கள் தம்பி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தினேஷ், சுகர் லேண்ட்: கரண்டுக்கு சொந்தக்காரர் ஒருவர் வீட்டு எலக்ட்ரீஷியன். அவரையே வைத்துக்கொள்ளலாமா?

லைசென்ஸ் மட்டும் போதாது, ஆர்வி பார்க் செய்தவரா என்று கேளுங்கள். 30 ஆம்பியர் பிளக்குக்கு மூன்று கால், பழைய துணி உலர்த்தும் மிஷின் பிளக் மாதிரித் தெரியும், ஆனால் இது 120 வோல்ட், அது 240. எங்களுக்கு வந்தவர் வீட்டு வேலையில் கெட்டிக்காரர், நாலு கரண்ட் பெட்டியிலும் 240 கொடுத்துவிட்டுப் போனார். வண்டி வருவதற்கு முந்தின நாள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 243 என்று காட்டியது. மறுநாள் யாராவது செருகியிருந்தால் உள்ளே இருக்கிற எல்லாமே புகைந்திருக்கும். 50 ஆம்பியருக்குத்தான் நாலு கால், 120/240. ஒவ்வொரு பெட்டியையும் நீங்களே மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அளவும் முக்கியம். 30 ஆம்பியர் இடம் 3,600 வாட், 50 ஆம்பியர் இடம் 12,000 வாட். 50 ஆம்பியர் பத்து இடத்துக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் முழுதாக இழுக்க மாட்டார்கள் என்று மின் விதி தருகிற பாதித் தள்ளுபடியைப் போட்டாலும் 250 ஆம்பியர் வருகிறது, வீட்டுக்கு வருகிற 200 பற்றாது. ஆகஸ்ட் சாயங்காலம் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும், அதனால் நாங்கள் 400 வாங்கினோம். கடைசி இடம் தூரமாக இருந்தால் ஒயரை ஒரு அளவு கூட்டிப் போடுங்கள், வோல்டேஜ் இறங்கினால் ஏசி கம்ப்ரஸர் போகும். குழி வெட்ட இரண்டு வேலை நாள் முன்னால் 811-க்குக் கூப்பிடுங்கள், இலவசமாக வந்து குறி போடுவார்கள்.

அருண், ஃப்ரிஸ்கோ: மொத்தச் செலவு எவ்வளவு ஆகும், மாதம் எவ்வளவு நிற்கும்?

மேலே பிரியாவுக்குச் சொன்னதுதான்.

விஜய், டல்லாஸ்: ஏக்கருக்கு எவ்வளவு வருமானம் எதிர்பார்க்கலாம்?

வருமானம் பற்றி இனி பதில் இல்லை. வெள்ள வரைபடம் பார்த்தீர்களா விஜய்?

மீனா, பாஸ்ட்ராப்: அக்கா, நிலத்தில் அழகான ஓக் மரங்கள். ஒன்றையும் வெட்டாமல் ரோடு வளைக்க முடியுமா? எந்தப் பக்கம் கரண்ட் பெட்டி வைப்பது?

முடியும், நானும் அப்படித்தான் செய்தேன். பெரும்பாலான வண்டிகளுக்கு இணைப்புகள் டிரைவர் பக்கம், அதாவது இடது பக்கம், பின்பாதியில் இருக்கும். பெட்டி, தண்ணீர், கழிவு மூன்றையும் அந்தப் பக்கமே வையுங்கள்.

ரோட்டுக்கு, தாளில் வரைந்ததை நம்பவில்லை. புல் மேல் சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்துப் பண்ணைக்காரரின் 40 அடி டிரெய்லரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி, கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு வளைவில் பின்சக்கரம் கோட்டை விட்டு உள்ளே ஏறியது, கோட்டை அழித்துப் பெரிதாகப் போட்டோம். என் வீட்டுக்காரர் 14 அடிக் குழாய் ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், அது எந்தக் கிளையில் இடிக்கிறதோ அதில் ரிப்பன் கட்டினேன். வண்டி உயரம் 13 அரை அடி வரை இருக்கும். ரிப்பன் கட்டிய கிளைகளை உடனே வெட்டவில்லை. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ஓக் மரத்தில் கத்தி வைக்கக்கூடாது, ஓக் வாட்டல் நோய் பரவுகிற காலம். ஜூலையில் வெட்டி, வெட்டிய கையோடு பெயிண்ட் அடித்தோம். மொத்தம் ஒன்பது கிளை, ஒரு மரமும் போகவில்லை.