பட்டை சொல்லும் எண்ணா, தொடையில் பார்த்த எண்ணா?

அப்பாவுக்கு ஒரு இடத்தில் கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற மாதிரிப் பட்டை கட்டியும், இன்னொரு இடத்தில் கழுத்திலும் தொடை இடுக்கிலும் கருவி வைத்தும் ரத்தக்குழாய் விறைப்பு பார்த்தார்கள், எண்கள் ஒத்துப்போகவில்லை, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பயந்துபோய்த்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பெங்களூரில் 11 வருடமாக இந்தப் பரிசோதனையைச் செய்கிற டெக்னீஷியன். என்னைக் கேட்டால் கழுத்து–தொடை முறைதான். கழுத்து நாடிக்கும் தொடை நாடிக்கும் துடிப்பு வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்து, தூரத்தை அதால் வகுக்கிறோம். குழாய் விறைத்திருந்தால் துடிப்பு வேகமாக ஓடும். நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்கணும் என்று 2012-ல் ஐரோப்பிய நிபுணர்கள் எல்லை வைத்தார்கள். பட்டைக் கருவி அந்தப் பாதையை நேராக அளப்பதில்லை. கை நாடியின் அலையை வைத்துக் கணக்குப் போடுகிறது. சில கருவிகள் வயதையும் சேர்த்துக்கொள்ளும்.

அதற்காகப் பட்டை வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் முறையிலும் கை தவறும்.

அல்சூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வேறு இடத்தில் 10.5 என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். "ராத்திரி தூக்கமே இல்லம்மா" என்றார். ரிப்போர்ட்டில் தூரம் 68 சென்டிமீட்டர், நேரம் 52 மில்லிநொடி. அவருக்கு நல்ல தொப்பை. டேப்பைத் தொப்பை மேலேயே படுக்கவைத்து அளந்திருக்கிறார்கள்! நான் ஒரு முனையைக் கூட இருந்தவரிடம் பிடிக்கச் சொல்லி, தொப்பையில் படாமல் நேராக இழுத்தேன். 62. அளந்த தூரத்தில் 80 சதவீதம்தான் எடுக்க வேண்டும் என்பது விதி; அந்த 10.5-உம் 68-ல் அப்படி எடுத்து வந்ததுதான். நேரம் எனக்கும் அதே 52 வந்தது. வகுத்தால் 9.5. "ஐயா, டேப்தான் வளைஞ்சிருக்கு, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க, டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க" என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை பார்த்துச் செய்தும் ரிப்போர்ட்டில் டெக்னீஷியன் பெயர் போட ஒரு வரி கிடையாது. படுக்கவைத்துப் பத்து நிமிடமாவது ஓய்வு கொடுத்த பிறகுதான் தொட வேண்டும். எங்களுக்கோ ஆளுக்குக் கால் மணி நேரம் என்று அட்டவணை போடுகிறார்கள். கேட்டால் "கருவிதானே பார்க்குது" என்கிறார்கள். அது வேறு கதை.

மைய ரத்த அழுத்தமும், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயில் உள்ள அழுத்தமும், போட்டிருந்தால், மேல் எண் கையில் பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம், அது இயல்பு. ஆனால் அதுவும் கைப் பட்டை எண்ணை வைத்துச் சரிசெய்ததுதான். பட்டை சின்னதாக இருந்தால் இரண்டுமே தப்பு.

அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்து, தூரம் எத்தனை சென்டிமீட்டர் என்று முதலில் பாருங்கள். அன்று காலை காபி குடித்துவிட்டுப் போனாரா என்றும் கேளுங்கள்.